ஒட்டுசுட்டான் வளவுக்கு எந்தக் கத்தி?

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் வரும் ஆவணியில் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள எங்கள் ஒட்டுசுட்டானுக்கு வருகிறான். வெறுங்கையோடு வர மனமில்லாமல், "மாமா, வளவு வேலைக்கு ஒரு நல்ல கத்தி கொண்டு வாறன், இதில எது வேணுமெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டு நான்கு படங்களை அனுப்பியிருந்தான். அமெரிக்கர்களின் போவி, அவர்களுடைய கடற்படைக் காலாட்கள் வைத்திருந்த கேபார், நேபாளத்தின் குக்ரி, சுவீடனின் மோரா ஆகியவையே அந்த நான்கும். எல்லாம் மடக்க முடியாத, அலகு பிடியோடு நிலையாகப் பொருந்திய கத்திகள். எல்லாம் உலகப் புகழ் பெற்றவை. அவன் அனுப்பாத ஐந்தாவது ஒன்றையும் நானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் லொறியின் வில்லுத்தகட்டில் அடிக்கப்படும் காட்டுக்கத்திதான் அது.

தெரிவுக்கு முன்னர் வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வளவின் பின்வேலிக்கு அப்பால் காடு தொடங்கிவிடுகிறது. ஐப்பசி மழை இறங்கிக் காலபோக விதைப்புத் தொடங்குமுன் வேலிக்குக் கதியால் வெட்டி நடவேண்டும். சூரையும் விடத்தலும் தறித்து அலம்பல் அடைக்க வேண்டும். ஆட்டுக்குக் குழை வெட்ட வேண்டும். பனைமட்டை கழிக்க வேண்டும். வெயிலுக்குள் வந்தவருக்கு ஓர் இளநீர் சீவிக் கொடுக்க வேண்டும். இவை எல்லாம் பாரமான, முதுகு தடித்த கத்திக்குரிய வேலைகள். ஓலை வார்வது, கயிறு அறுப்பது, மாங்கன்றுக்கு ஒட்டு வைக்கப் பட்டை சீவுவது, மீன் துப்புரவாக்குவது, உரப்பையின் தையலைப் பிரிப்பது ஆகியவை மெல்லிய கத்திக்குரியவை. தறிக்கும் கத்திக்கு முன்பக்கம் கனமும் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, பின்னால் தடிப்பும் தேவைப்படுகின்றன; சீவும் கத்திக்கு அந்தத் தடிப்பே எதிரி. இரண்டையும் ஒன்றில் அடக்க முயன்ற கத்திகளே பெரும்பாலும் புகழ் பெற்றிருக்கின்றன என்பது இந்த ஒப்பீட்டில் இறங்கிய பின்னர்தான் எனக்கு விளங்கியது.

முதலில் போவி. 1827 செப்டெம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றின் நடுவே, நாச்செஸ் நகருக்கு அருகிலிருந்த ஒரு மணல்திட்டில், இருவர் துப்பாக்கியால் ஒற்றைக்கொற்றை மோதிக்கொள்ள வந்தார்கள். அவர்கள் சுட்டது ஒருவர் மீதும் படாமல், கைகொடுத்துக்கொண்டு முடிந்த பின்னர், பார்க்க வந்த கூட்டத்தினர் தங்களுக்குள் பழைய பகையைத் தீர்க்கத் தொடங்கினார்கள். குண்டடியும் வாட்குத்தும் பட்டு விழுந்த ஜேம்ஸ் போவி என்பவர், தம்மைக் குத்தியவரைப் பெரிய கத்தியொன்றால் கொன்றார். செய்தித்தாள்கள் அதை நாடெங்கும் கொண்டுபோயின. பத்தே ஆண்டுகளில் இந்தக் கத்தியின் பெயர் சட்டப்புத்தகத்தில் ஏறியது: 1837 இல் அலபாமா மாநிலம் இதைக் கைமாற்றுவதற்கு 100 டொலர் வரி விதித்தது, 1838 இல் டெனசி மாநிலம் விற்பனையையே தடைசெய்தது. போவி 1836 மார்ச் 6 அன்று டெக்சாஸ் போரில் அலாமோக் கோட்டையில் இறந்தபோது கதை முழுமை பெற்றது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவருடைய தமையன் ரெசின் போவி 1838 இல் எழுதிய கடிதமொன்றில், முதற்கத்தியைத் தாமே வேட்டைக்காகச் செய்வித்ததாகவும், அதன் அலகு ஒன்பதேகால் அங்குல நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் ஒருபக்க வாயும் உடையது, வளைவு இல்லாதது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இன்று போவி என்றவுடன் கண்ணில் நிற்கும், முனைக்கு அருகில் முதுகு உட்குழிந்து செல்லும் அந்த வடிவம் அதில் இல்லை. பெயர் பரவிய பின்னர், அமெரிக்கச் சந்தைக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் அடித்து அனுப்பிய கத்திகளே அந்தப் பெயருக்கு உருவத்தையும் கொடுத்தன. சுருங்கச் சொன்னால், போவி என்பது ஒரு கத்தி அன்று. ஒரு சண்டையின் பெயரில் விற்கப்பட்ட பல கத்திகள்.

அதனால்தான் அந்தப் பெயரோடு எது வேண்டுமானாலும் கடைக்கு வந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நகரத்துக் கடையொன்றில் கண்ணாடிபோல மின்னிய போவி ஒன்றை நானே வாங்கியிருக்கிறேன். வாங்கிய மூன்றாம் நாள், காற்றில் சாய்ந்த பாலைக் கொப்பொன்றைத் தறிக்கையில், நான்காவது வெட்டில் கையில் பிடி மாத்திரம் மிஞ்சியது. அலகு ஆட்டுக்கொட்டிலின் தகரத்தில் மோதி விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது, கால் அங்குல அகலமுள்ள ஒரு கம்பிதான் பிடிக்குள் போயிருந்தது, அதுவும் அலகோடு பிறந்ததன்று, பின்னர் ஒட்டவைத்தது. அன்று ஆட்டுக்குட்டி கொட்டிலின் மறுபக்கத்தில் நின்றது என் நல்ல காலம். நல்ல போவிகள் இல்லாமலில்லை. ஆனால் படத்தைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாத பெயர் இதுதான். கத்தி வாங்குபவர் எவரும் பார்க்க வேண்டிய முதல் விடயம், அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு அகலமாக, எவ்வளவு தூரம் செல்கிறது என்பதாகும்.

கேபார் இந்தச் சோதனையில் தேறும். 1942 இன் இறுதியில் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட இந்தக் கத்தியின் அலகு ஏழு அங்குலம், முதுகு நான்கு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், பாரம் ஏறத்தாழ 320 கிராம். நியூயோர்க் மாநிலத்தின் கமிலஸ் நிறுவனம் முதலில் செய்தது. யூனியன் கட்லரி நிறுவனமும் பிறரும் பின்னர் சேர்ந்துகொண்டார்கள். யூனியன் கட்லரி அலகில் பொறித்த வணிகப் பெயரே எல்லாக் கத்திகளுக்கும் பெயராகிவிட்டது. கரடியொன்றைக் கொன்று தப்பிய வேட்டைக்காரர் ஒருவர் அரைகுறை எழுத்தில் அனுப்பிய நன்றிக் கடிதத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாக நிறுவனம் சொல்லிவருகிறது. விளம்பரத்துக்கு நல்ல கதை. அலகின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பள்ளத்தைப் பலர் 'இரத்தக் கால்' என்று கதைப்பார்கள். அது பாரத்தைக் குறைக்க வைத்த பள்ளம், அவ்வளவே. பசிபிக் தீவுகளில் படைவீரர்கள் இதைக் கொண்டு குத்தியதைவிட, தகரப் பேணி திறந்ததும், குழி தோண்டியதும், பெட்டிகளை நெம்பியதுமே அதிகம். இதன் மீது அவர்களுக்கு ஏற்பட்ட பற்றுக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆயினும் எங்கள் வளவுக்கு இதில் இரண்டு குறைகள் உண்டு. பிடி, தோல் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியது. கார்த்திகை மார்கழியில் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கும் இந்த இடத்தில் தோல் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கி ஆடும். மற்றது, நான்கு மில்லிமீற்றர் முதுகு ஒட்டு வைக்கத் தடிப்பு, 320 கிராம் கதியால் வெட்டக் காணாது.

இந்த இடத்தில் இன்னொரு புகழ்பெற்ற கத்தியை ஒரு வரியில் கடந்துவிடலாம். ஷாங்காய் நகரப் பொலிஸில் பணியாற்றிய ஃபெயர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் வடிவமைத்து, 1941 இல் லண்டனின் வில்கின்சன் நிறுவனம் செய்யத் தொடங்கிய கொமாண்டோக் குத்துவாள், இரு பக்கமும் வாயுள்ள ஊசி போன்றது. குத்துவதைத் தவிர வேறு வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. அப்படியொன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏ-9 வீதியில் சைக்கிளில் போகிறவனிடம் எவரும் விளக்கம் கேட்பார்கள். சேறு காய்ந்த காட்டுக்கத்தியைச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டியிருப்பவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குக்ரியே எனக்கு நெடுநேரம் எடுத்தது. காத்மண்டுவின் தேசிய அருங்காட்சியகத்தில், 1559 இல் கோர்க்காவின் அரசரான திரவ்ய ஷாவினுடையது எனப்படும் குக்ரி ஒன்று இருக்கிறது. 1814 முதல் 1816 வரை நடந்த போரில் எதிரில் நின்று அதன் வீச்சைக் கண்ட ஆங்கிலேயர், போர் நடந்துகொண்டிருக்கும்போதே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். கத்தியின் புகழ் அவர்களோடு உலகெங்கும் போயிற்று. உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காணாமல் திரும்பாது என்ற கதையை நேபாளத்தின் எந்த அடுப்படியும் பொய்யாக்கிவிடும்: அங்கே அதனால்தான் விறகு பிளக்கிறார்கள், ஆட்டிறைச்சி வெட்டுகிறார்கள், கிழங்கு தோலுரிக்கிறார்கள். அலகு முன்னோக்கி வளைந்து, வயிற்றுப் பகுதியில் அகன்றிருப்பதால் வெட்டின் பாரம் விழவேண்டிய இடத்திலேயே விழுகிறது. மணிக்கட்டு அதிகம் உழைக்க வேண்டியதில்லை. உறையின் பின்புறம் இரண்டு குறுங்கத்திகள் இருக்கும். ஒன்று சில்லறை வேலைக்கு, மற்றது வாயைத் தீட்டவும் தீத்தட்டவும். பெரிய கத்திக்கும் சிறிய கத்திக்கும் வேலை வேறு என்பதை நேபாளத்துக் கொல்லர் உறையிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்.

அவர்கள் துவைச்சல் வைக்கும் முறையைக் கேட்டபோதுதான் எனக்கு வியப்பு உண்டாயிற்று. சிவக்கக் காய்ந்த அலகை முழுமையாக நீரில் அமிழ்த்தாமல், கேத்தலொன்றிலிருந்து வாயின் ஓரமாக மட்டும் நீரை ஊற்றிச் செல்கிறார்கள். வாய் கடினமாகிறது, முதுகு மெதுவாக ஆறுவதால் அதன் நெகிழ்வு போவதில்லை. இன்று அங்கே பெரும்பாலும் பயன்படுவது வாகனங்களின் பழைய வில்லுத்தகடு. அதாவது, இரும்பும் எங்களுடையதுதான், அறிவும் எங்களுடையதுதான். வளைவு மாத்திரம் வேறு. தறிக்கும் வேலைக்கு நான்கு படங்களிலும் இதுவே முதலிடம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனாலும் வேண்டாம் என்று எழுதினேன். 1987 இல் இந்தியப் படையோடு வடக்குக்கு வந்த கூர்க்காச் சிப்பாய்களின் இடுப்பில்தான் இங்குள்ள பலர் அந்த வளைவை முதன்முதலில் கண்டார்கள். எங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியம்மா இருக்கிறா. கதியால் வெட்டுவதற்காக அவவின் முன்னால் அதை வெளியே எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு பொருளின் கவர்ச்சி இடத்துக்கிடம் ஒன்றாக இருப்பதில்லை. இதை மருமகனுக்குத் தொலைபேசியில் விளக்குவது, துவைச்சலை விளக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

மோராவின் வரலாற்றில் சண்டை ஒன்றுமே இல்லை. சுவீடனின் டாலர்னா மாவட்டத்தில் மோரா நகரை அடுத்த ஓஸ்ற்நோர் என்னும் கிராமத்தில், அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய ஃப்ரொஸ்ற் எரிக் எர்சன் என்பவர் 1891 இல் மரக்குற்றி இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறையொன்றைத் தொடங்கினார். அங்கே வேலை செய்தவர்களுக்குக் கத்தி தேவைப்பட்டதால் கத்தியும் அடித்தார். காலப்போக்கில் வண்டி போய்க் கத்தி நின்றது. 1912 இல் அதே ஊரில் இன்னொரு கத்தித் தொழிற்சாலை எழுந்தது. 2005 இல் இரண்டும் ஒன்றாயின. இன்று மிகுதியாக விற்கும் கத்தியின் அலகு ஏறத்தாழ நான்கு அங்குலம், தடிப்பு இரண்டு முதல் இரண்டரை மில்லிமீற்றர், பிடி கைக்கு வழுக்காத பிளாஸ்ரிக்கும் றப்பரும் சேர்ந்தது, உறை பிளாஸ்ரிக். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. விலையோ கேபாரின் நான்கில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடும்.

அதன் திறமை வாயில் இருக்கிறது. அலகின் நடுப்பகுதியில் தொடங்கும் ஒரே சரிவு, இடையில் இரண்டாவது சரிவு எதுவும் இல்லாமல், நேராக வாயில் முடிகிறது. அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்து இழுத்தால் போதும். எத்தனை பாகை சாய்ப்பது என்று எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, பத்து வயதுப் பிள்ளையும் தீட்டும். ஃபின்லாந்தின் பூக்கோ கத்தியும் இதே குடும்பம்தான். அந்தப் பெயரிலேயே மரம் என்னும் சொல் ஒளிந்திருக்கிறது என்பாரும் உண்டு. மோராவின் பழைய வகைகளில் கடினமான மெல்லிய உருக்கை நடுவில் வைத்து இருபக்கமும் மென்னிரும்பை ஒட்டி அடிப்பார்கள். கேத்தல் நீரூற்றிய கொல்லர் நாடிய அதே பயனை இவர்கள் அடுக்கி அடைந்தார்கள். வாங்கும்போது ஒரு தெரிவு உண்டு: கார்பன் உருக்கா, கறள் பிடிக்காத உருக்கா? கார்பன் உருக்கு விரைவாகத் தீட்டுப்படும் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் முல்லைத்தீவுக் கடற்கரை எங்களுக்குத் தொலைவில்லை, எங்கள் வீட்டில் மீன் வெட்டாத நாளும் அரிது, கழுவிய கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் என்னிடமும் இல்லை. ஆகவே குரோமியம் கலந்த, கறள் பிடிக்காத வகையையே கேட்டிருக்கிறேன். இந்தக் கத்தியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: பெருவிரல் தடிப்புக்கு மேற்பட்ட எதையும் இதனால் தறிக்க முயல்பவர் கத்தியைக் கெடுப்பார்.

இனி, படத்தில் வராத ஐந்தாவது. மீள்குடியேறி வந்தபோது எங்களுக்குத் தரப்பட்ட பொதியில் மண்வெட்டி, கோடரி, அலவாங்கு, ஒரு கத்தி ஆகியவை இருந்தன. அந்தக் கத்தியின் வாய் முதல் மாரிக்குள் முதிரைக் கட்டையில் மடிந்துபோயிற்று. அப்போதுதான் பட்டறைக்குப் போனேன். பழைய லொறியொன்றின் வில்லுத்தகட்டில் ஒரு முழத்துண்டைக் கரியுலையில் சிவக்க வைத்து, உளியால் வெட்டி, ஆசாரியாரும் மகனும் மாறி மாறிச் சம்மட்டி போட்டார்கள். வடிவம் வந்ததும் அரம் போட்டு வாயை வெளுப்பாக்கி, மறுபடியும் காய்ச்சி, வாய்ப்பக்கம் இரண்டு விரல் அளவு மட்டும் நீரில் பிடித்தார். எடுத்து, தேங்காய்ப் பொச்சால் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு, வெயிலிலிருந்து விலகி நிழலுக்குள் போனார். முதுகில் மிஞ்சியிருந்த சூடு வாயை நோக்கி இறங்க, வெளுத்த இரும்பில் வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் கத்தரிப்பூ நிறம். அந்தக் கத்தரிப்பூ நிறம் வாயைத் தொடுவதற்குச் சற்று முன்னர், ஒரு சொல்லும் பேசாமல், முழுவதையும் நீருக்குள் விட்டார். பிறகு முதிரைக் கட்டையில் மூன்று வெட்டு வெட்டி, வாயை நகத்தின் மேல் ஓடவிட்டுப் பார்த்தார். நகம் எங்கும் தடக்கவில்லை. இந்தத் தகட்டில் கார்பன் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். கேபாரின் உருக்கில் ஒரு பங்களவு. ஆதலால் கேபாரின் கூர் சிறிது நீடிக்கும். ஆனால் பாலை மரத்தின் கணுவில் மோதும்போது உடையாமல் தாங்குவது வில்லுத்தகடே. அது லொறியின் பாரத்தைத் தாங்கிப் பழகியது.

இந்தத் தீவுக்கு இந்த அறிவு நேற்று வந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளைக் கண்டறிந்த பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப், அவ்வாறான உலையைக் கட்டி எரித்தும் காட்டி, 1996 இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார். கண்டி அரசவைப் பட்டறைகளில் வெள்ளியும் பித்தளையும் பதித்துச் செய்த பிஹா கெத்த என்னும் கத்திகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எங்கள் காட்டுக்கத்திக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. கடைக்காரர் அதை மன்னாக் கத்தி என்பார், செய்தித்தாள் அதை வெட்டுக் குத்துச் செய்தியில் மட்டும் நினைத்துக்கொள்ளும்.

அதன் குறைகளையும் மறைக்கவில்லை. இரண்டு கத்தி ஒன்றுபோல் வராது. ஆசாரியாருக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் அடித்தது என்னுடைய இன்னொரு கத்தி, அதன் வாயின் ஒரு பக்கம் மென்மையாகவே இருந்தது. துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் ஒரே இரவில் கறள் பிடிக்கும். உறை கிடையாது, சாக்குத்தான். வருடத்துக்கொரு முறை பூண் தளரும். ஆனால் பூண் தளர்ந்தால் நடந்துபோகும் தூரத்தில் இறுக்க ஆளுண்டு, பிடி முறிந்தால் வேலியோரத்திலேயே மரம் உண்டு, வாய் மடிந்தால் திரும்பக் காய்ச்சித் துவைச்சல் வைக்கலாம். போவியையோ கேபாரையோ கொண்டுபோய் அந்த உலையில் வைக்க ஆசாரியார் ஒப்பமாட்டார். என்ன உருக்கு என்று தெரியாததைத் தாம் தொடுவதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

ஆகவே மருமகனுக்கு இப்படிப் பதில் போட்டேன்: போவி வேண்டாம், கேபார் உன்னுடைய அலுமாரிக்கு நல்லது, குக்ரிக்குக் காரணம் சொல்லிவிட்டேன், மோரா இரண்டு கொண்டு வா, ஒன்று கொட்டிலுக்கு, மற்றது குசினிக்கு, கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுக்காமல் பெரிய பெட்டியில் போடு. அவன் உடனே, "அப்ப பெரிய கத்தி, மாமா?" என்று கேட்டான். பெரிய கத்திக்கு மூன்றங்குல அகல வில்லுத்தகடொன்றை ஆசாரியாரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பிடிக்கு, மாரியில் முறிந்த பாலைக் கொப்பில் ஒரு முழம் வெட்டி, வெடிக்காமல் இருக்க இரு முனையிலும் சாணம் பூசி, கொட்டிலின் நிழலில் போட்டிருக்கிறேன், ஆவணிக்குள் காய்ந்துவிடும்.